ஏறாத காளை
(மாதம் ஒரு மனிதர்)



நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் குழந்தைகளுக்கென நடந்த மாறுவேடப் போட்டியைப் பலரும் கண்டிருப்பீர்கள். இரண்டு பாரதியார், மூன்று கண்ணன், ஓர் ஔவையார் ஆகியோருக்கு நடுவே, அகன்ற தொப்பியும் தோல் இடைவாருமாக மேடையேறி, பேச வேண்டியதை மறந்து விழித்துக்கொண்டு நின்ற கௌபாய் என் மகன்தான். பரிசு கிட்டவில்லை. ஆயினும் வீடு திரும்பும் வழியில் அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, கௌபாய்க்குச் சம்பளம் யாருப்பா கொடுப்பாங்க?" குமாஸ்தா வீட்டுப் பிள்ளை வேறு என்ன கேட்பான்! எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிப் படிக்கப் புகுந்தேன். படித்தவற்றுள் ஒரு மனிதரின் வரலாறு நெஞ்சை விட்டு அகல மறுத்தது. இம்மாதம் அவரையே நேயர்களுக்கு அறிமுகம் செய்கின்றேன்.

கௌபாய் என்றதும் ஜெய்சங்கர் குதிரையேறி வந்த திரைப்படங்களும், பள்ளி நாட்களில் பாடப் புத்தகத்துள் ஒளித்து வைத்துப் படித்த சித்திரக் கதைகளும் நம் நினைவுக்கு வரும். உண்மையான கௌபாய் துப்பாக்கி வீரன் அல்லன். பிறர் மாட்டை மேய்த்துக் கூலி பெற்ற தொழிலாளி. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டில் முடிந்த பின்னர், டெக்ஸாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் தூரம் நடத்திச் சென்று, கான்ஸாஸ் மாநிலத்து ரயில் நிலையங்களில் சரக்கு வண்டிகளில் ஏற்றி விடுவதே அவன் பணி. ரயில் பாதைகள் பெருகிய பின்னர், அந்த நெடுநடைக்குத் தேவை இல்லாமற் போயிற்று. அவனுக்கு வேலை கொடுத்ததும் ரயில். அவ்வேலையைப் பறித்ததும் ரயில். மந்தையைச் சுற்றி வளைத்துச் சேர்ப்பதைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து 'ரோடியோ' என்னும் பெயர் பிறந்தது. தொழிலில் கற்ற திறமைகளைக் கௌபாய்கள் ஊர் கூடி ஆடிக் காட்டியதே பின்னர் ரோடியோ என்னும் போட்டி விளையாட்டாக வளர்ந்தது.

அவ்விளையாட்டின் பிரிவுகளுள் மிகக் கொடியது காளை ஏற்றம். நம் நாட்டு ஏறுதழுவுதலில் வீரன் காளையின் திமிலைத் தழுவுகின்றான். அங்கோ அதன் முதுகில் அமர்கின்றான். வாடிவாசல் போன்ற ஒரு குறுகிய அடைப்பில் நிற்கும் காளையின் உடலைச் சுற்றி ஒரு பின்னல் கயிறு கட்டப்படும். அக்கயிற்றை வீரன் ஒரு கையால் மட்டும் பற்றிக்கொள்ள வேண்டும். மற்றைக் கை காளையின் மீதோ தன் மீதோ பட்டுவிட்டால் ஏற்றம் செல்லாது. வீரன் தலையசைத்ததும் கதவு திறக்கும். காளை துள்ளும், சுழலும், பின்னங்கால்களை வானுக்கு உதறும். எட்டு வினாடிகள் தாக்குப் பிடித்து அமர்ந்திருந்தால் நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். மொத்தம் நூறு, அதிற் பாதி வீரனுக்கு, பாதி காளைக்கு. எட்டாவது வினாடிக்கு ஒரு கணம் முன்னர் விழுந்தாலும் மதிப்பெண் இல்லை.

இனி, என் மகனின் கேள்விக்கு வருவோம். ரோடியோ ஆடும் கௌபாய்க்குப் பொதுவாகச் சம்பளம் யாரும் கொடுப்பதில்லை! பெரும்பாலான போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணத்தை வீரனே கட்ட வேண்டும். ஊர் ஊராகச் செல்லும் செலவும் அவனுடையதே. வென்றால் பரிசுப் பணம். தோற்றால் கட்டிய கட்டணமும் போயிற்று. பயணப்படி இல்லை; நோய்விடுப்பு இல்லை; ஓய்வூதியமும் இல்லை. ஆண்டு முழுவதும் ஈட்டிய பரிசுப் பணத்தைக் கணக்கிட்டு, முதல் பதினைந்து இடங்களைப் பெற்றவர்களை மட்டும் டிசம்பர் மாதத்துத் தேசிய இறுதிப் போட்டிக்கு அழைப்பார்கள். அப்போட்டி 1985-ஆம் ஆண்டில் லாஸ் வேகஸ் நகருக்கு மாறியது. பத்து இரவுகள், பத்துச் சுற்றுகள். அதன் முடிவில் அதிகப் பணம் ஈட்டியவனே உலக வாகையர். ஆகவே, ஓய்ந்து வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீரனுக்கு நட்டம். அவன் வீடு சாலையோரத்தில் இருக்கின்றது. குடும்பம் தொலைபேசியில் இருக்கின்றது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் சொல்லப் புகுந்த மனிதரின் பெயர் டஃப் ஹெடிமன். டெக்ஸாஸ் மாநிலத்து எல் பாஸோ நகரில் 1963-ஆம் ஆண்டு பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் கார்க் கதவில் கை நசுங்கியும் அழவில்லையாம். அதனைக் கண்டு, 'கெட்டிப் பயல்' என்னும் பொருளில் வைத்த பட்டப் பெயர், பெற்றோர் இட்ட பெயரை விழுங்கிவிட்டது. கல்லூரியில் ரோடியோ அணியில் ஆடி, இருபதாம் வயதில் தொழில்முறை வீரரானார். 1986, 1989, 1991 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக வாகையர் பட்டம் பெற்றார்.

தனி மனிதனாக வென்ற பட்டங்களே எனினும், அவர் தனியாகப் பயணம் செய்தவர் அல்லர். கல்லூரித் தோழரான கோடி லாம்பர்ட்டும், ஓக்லஹோமா மாநிலத்தவரான லேன் ஃப்ராஸ்டும் அவருடைய வழித்துணைவர்கள். செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்வார்கள். ஒருவர் ஏறும்போது மற்றவர் கயிற்றை இழுத்துக் கொடுப்பார். போட்டியாளரே துணைவருமாக இருப்பது இத்தொழிலின் விந்தை. அம்மூவருள் லேன் எல்லாருக்கும் இனியவர். தந்தையும் ரோடியோ வீரர். மனைவி கெல்லி, பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையை விரட்டும் பந்தயத்தில் தேர்ந்தவர். 1987-ஆம் ஆண்டில் லேன் உலக வாகையரானபோது அவருக்கு வயது இருபத்து நான்கு.

1989-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள். வயோமிங் மாநிலத்து ஷையன் நகரில் புகழ்பெற்ற ரோடியோ விழா. ஆட்டக் களம் சேறாகிக் கிடந்தது. லேன் தம் காளை மீது எட்டு வினாடிகளும் குறைவின்றி அமர்ந்திருந்தார். நேரம் முடிந்தது, கீழே குதித்தார், சேற்றில் விழுந்தார். அவர் எழுந்து விலகுமுன் காளை திரும்பி வந்து கொம்பினால் விலாப் பக்கத்தில் முட்டிற்று. அவர் எழுந்தார், உதவிக்குக் கையசைத்தார், அடுத்த கணமே வீழ்ந்தார். முறிந்த விலா எலும்பு உள்ளே படுகாயத்தை விளைவித்திருந்தது. மீண்டும் எழவில்லை. வயது இருபத்தைந்து. மணமாகி ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை.

நண்பரை ஓக்லஹோமாவின் ஹியூகோ நகரில் அடக்கம் செய்து ஐந்து திங்கள் கழியுமுன், டிசம்பர் மாதத்து இறுதிப் போட்டி வந்தது. கடைசிச் சுற்றில் டஃப் ஏறினார். எட்டாவது வினாடி முடிந்ததற்கான ஒலி எழுந்தது. அவர் இறங்கவில்லை. இன்னும் எட்டு வினாடிகள் அக்காளையின் மீதே அமர்ந்திருந்தார். முதல் எட்டுக்கு மதிப்பெண் உண்டு. அடுத்த எட்டுக்கு ஒன்றும் இல்லை. அவை லேனுக்கு உரியவை. அவ்வாண்டின் வாகையர் பட்டமும் டஃப்புக்கே கிடைத்தது. வீரன் ஒருவன் தன் தோழனுக்குச் செய்த இறுதிக் கடன் இதுவே என்று அந்நாட்டார் இன்றும் பேசுகின்றனர்.

எனினும், அந்தப் பதினாறு வினாடிகளைவிடப் பயன் மிக்க மூன்று செயல்கள் அந்த மறைவுக்குப் பின் நிகழ்ந்தன. கோடி லாம்பர்ட், முட்டும் அதிர்ச்சியைத் தாங்கி விலாவைக் காக்கும் காப்புச் சட்டை ஒன்றை உருவாக்கினார். இன்று தொழில்முறைக் காளை ஏற்றத்தில் அச்சட்டை அணியாத வீரனைக் காண இயலாது. இது முதலாவது. இரண்டாவதாக, 1992-ஆம் ஆண்டில் அரிஜோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில், ஒரு விடுதி அறையில் சுமார் இருபது வீரர்கள் கூடினர். தலைக்கு ஆயிரம் டாலர் போட்டுக் காளை ஏற்ற வீரர்களுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினர். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சங்கம் கண்டவர்கள் நாம் மட்டும் அல்லோம்! அந்த அமைப்பின் தலைவராக டஃப் பல ஆண்டுகள் பணியாற்றினார். மூன்றாவது வீட்டுக்குள் நடந்தது. தம் மகனுக்கு டஃப், லேன் என்று பெயர் சூட்டினார்.

அந்தச் சிறுவனே இவ்வரலாற்றின் அடுத்த பகுதிக்குத் தலைவன்.

அக்காலத்தில் போடேஷஸ் என்னும் ஒரு மஞ்சள் நிறக் காளை இருந்தது. எடை சுமார் 1,900 பவுண்டு. நம் கணக்கில் ஏறக்குறைய 860 கிலோ. அதன் மீது எட்டு வினாடிகள் நிலைத்தவர்கள் விரல் விட்டு எண்ணத் தக்கவர்களே. டஃப் அவர்களுள் ஒருவர். 1993-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் அதன் மீது ஏறி நூற்றுக்கு 95 மதிப்பெண் பெற்றார். ஆனால், அக்காளையிடம் ஒரு கொடிய பழக்கம் இருந்தது. பின்புறத்தை உயரத் தூக்கும். வீரனின் உடல் தானே முன்னோக்கிச் சாயும். அந்தக் கணத்தில் தன் தலையை வெடுக்கென்று பின்னுக்கு வீசும். மண்டையும் முகமும் மோதும்.

1995-ஆம் ஆண்டு. புதிய அமைப்பின் இறுதிப் போட்டி. டஃப் அவ்வாண்டின் வாகையர் பட்டத்தைப் பெறும் நிலையில் இருந்தார். சீட்டுக் குலுக்கலில் போடேஷஸ் வந்தது. ஏறினார். கதவு திறந்த சில நொடிகளுக்குள் காளையின் தலை அவர் முகத்தில் மோதிற்று. முகத்தின் எலும்புகள் நொறுங்கின. இரத்தம் வடிய, தாமே நடந்து களத்தை விட்டு வெளியேறினார். பின்னர் பல மணி நேர அறுவைச் சிகிச்சை நடந்தது. உலோகத் தகடுகளை வைத்து முகத்தை மீண்டும் கட்டினார்கள். பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஆனால், வீங்கி உருமாறிய அந்த முகத்தை வீட்டிலுள்ளோர் காண நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள்.

சின்னஞ்சிறுவனான லேன் தந்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டான். மறுபடியும் போடேஷஸ் வந்தால் ஏற மாட்டேன் என்று சொல்ல வேண்டும். தந்தை வாக்குக் கொடுத்தார்.

குழந்தைகளுக்கு வாக்குக் கொடுப்பது எளிது. பல வேளைகளில் அவர்களைத் தூங்கச் செய்யும் பொருட்டே கொடுக்கின்றோம். விடிந்தால் மறந்து விடுவார்கள் என்பது நம் கணக்கு. ஆயின், விதி சில சமயம் அக்கணக்கைச் சரிபார்க்க வந்து விடுகின்றது. அதே ஆண்டு டிசம்பரில், காயங்கள் நன்கு ஆறுமுன்னரே டஃப் தேசிய இறுதிப் போட்டியில் கலந்துகொண்டார். அங்கும் சீட்டுக் குலுக்கினார்கள். அவர் பெயருக்கு எதிரே வந்தது, போடேஷஸ்!

இருக்கை கொள்ளாத கூட்டம். எதிரே பெரும் பரிசுத் தொகை. ஏறாவிட்டால் அந்தச் சுற்றில் ஒரு காசும் இல்லை. அதைவிடப் பெரிது பெயர். 'கெட்டிப் பயல்' என்னும் பட்டத்தையே பெயராகக் கொண்டவன் அஞ்சினான் என்று உலகம் பேசாதா? கதவு திறந்தது. காளை மட்டும் வெளியே பாய்ந்தது. அதன் முதுகில் யாரும் இல்லை. டஃப் தம் தொப்பியைத் தொட்டு அக்காளைக்கு மரியாதை செய்தார். அவ்வளவுதான்.

அதே போட்டியில் வேறொரு வீரர் போடேஷஸ் மீது ஏறி, அவரும் முகத்தில் படுகாயமுற்றார். அதன் பின்னர் உரிமையாளரே அக்காளையைப் போட்டிகளிலிருந்து நிறுத்திக்கொண்டார்.

நேயர்களே, நான் இவ்வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்குள் எழுந்த எண்ணம் இது. 1989-இல் டஃப் கூடுதலாக அமர்ந்திருந்த எட்டு வினாடிகளும், 1995-இல் அவர் அமராமல் விட்ட எட்டு வினாடிகளும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை. ஒன்று இறந்த லேனுக்குச் செலுத்திய கடன். மற்றொன்று உயிரோடிருந்த லேனுக்குச் செலுத்திய கடன். முதலாவதற்கு ஊர் கைதட்டும். இரண்டாவதற்கு வீட்டிலிருக்கும் ஒரு சிறுவன் நிம்மதியாக உறங்குவான். இரண்டினுள் எது கடினம் என்று கேட்டால், இரண்டாவதே என்பேன். துணிவுடையவன் என்று பேர் எடுத்தவனுக்கு அந்தப் பேரை ஒரு நாள் கழற்றி வைப்பதைப் போன்ற கடினமான வேலை வேறில்லை.

ஊருக்கு உபதேசம் செய்வதோடு நிறுத்தினால் இப்பகுதி நேர்மையாகாது. ஆகவே என் கதையையும் சொல்லிவிடுகின்றேன்.

நான் ரயில்வே குமாஸ்தா. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்நகரின் புறநகர் வண்டியில் அலுவலகம் சென்று வருகின்றேன். நகரத் தொடங்கிய வண்டியின் பக்கத்தில் நாலடி ஓடி, கம்பியைப் பற்றித் தாவி ஏறுவதில் எனக்கு ஒரு பெருமை. புதிதாக ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அதனைச் செய்து காட்டியும் இருக்கின்றேன். சென்ற ஆண்டு ஒரு நாள், என் மனைவியும் மகனும் எதிர்ப்பக்க நடைமேடையில் நின்றிருந்ததை அறியாமல் அவ்வாறு தாவினேன். அன்று ஒரு கால் படியில் சரியாகப் பதியவில்லை. உள்ளே நின்ற ஒரு புண்ணியவான் சட்டையைப் பற்றி இழுத்துக்கொண்டார். இரவு வீடு திரும்பியபோது பையன் என்னோடு பேசவில்லை. படுக்கையில்தான் வாயைத் திறந்தான். "ஓடுற வண்டியிலே ஏறாதீங்கப்பா." நான் சிரித்தேன். "அப்பா ரயில்வேக்காரன்டா" என்றேன். சரி என்றும் சொல்லி வைத்தேன். மறுநாள் காலையிலேயே ஓடி ஏறினேன்.

இத்தனைக்கும், வண்டியில் ஏறும்போது தவறி விழுந்தவர்களைப் பற்றிய காகிதங்கள் என் மேசை வழியாகவே கோப்புக்குச் செல்கின்றன. பெயர், வயது, நேரம், நடைமேடை எண். அந்தக் காகிதங்களில் வீட்டில் காத்திருந்தவர்களைப் பற்றி எழுதுவதற்கு இடம் விடப்படுவதில்லை.

டஃப் ஹெடிமனைப் பற்றிப் படித்த மறுநாள் காலை, என் கண் முன்னே வண்டி நகர்ந்தது. கால் தானாகவே முன்னே சென்றது. நின்றுவிட்டேன். அடுத்த வண்டி வரப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு. மேலதிகாரியிடம் இரண்டு வார்த்தை வசவு. பெரும் பரிசுத் தொகையைத் துறந்த வாகையருக்கு முன்னே, ஒரு சிவப்புக் கோடு பெரிதல்ல. ஆனால், ஒன்றை ஒளிக்காமல் சொல்கின்றேன்: இன்றும் ஒவ்வொரு காலையிலும் வண்டி நகரும்போது கால் பரபரக்கின்றது. வாக்குக் கொடுப்பது ஒரு நாள் வேலை. காப்பது தினசரி வேலை.

நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு போடேஷஸ் உண்டு. ஒருவருக்கு அது உடல் தாங்காத இரட்டைப் பணிநேரம். ஒருவருக்கு இரவு முழுதும் விழித்து ஓட்டும் லாரி. ஒருவருக்குத் தலைக்கவசம் இல்லாத இருசக்கர வண்டி. எல்லாவற்றையும் குடும்பத்துக்காகவே செய்கிறோம் என்று சொல்லிக்கொள்கின்றோம். அந்தக் குடும்பம் நம்மிடம் உண்மையில் கேட்பது எது என்று ஒரு முறை கேட்டறிந்தால் நல்லது. பெரும்பாலும் அது மிகச் சிறிய வேண்டுதலாகவே இருக்கும்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் என் மகனுக்கு விடை சொன்னேன். "கௌபாய்க்குச் சம்பளம் கிடையாதுடா. ஜெயிச்சாத்தான் பணம்." அவன் சற்று யோசித்தான். "அப்ப அன்னைக்கு ஏறாத கௌபாய்க்கு ஒண்ணுமே கிடைக்கலையா?" என்று கேட்டான்.

அவனுக்கு என்ன சொல்லியிருப்பேன் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.